முகமாலைக்கு இந்தப் பக்கம்

"திரும்பி ஓடுங்கோ! ரோட்டிலை நிக்காதேங்கோ!"

கத்தியது யார் என்று தெரியாது. ஓடுகிறோம். 2006 ஆகஸ்ட். வெள்ளிக்கிழமை. பொழுது சாய்கிற நேரம். இடம் முகமாலை.

எனக்கு முன்னால் அன்ரன் ஓடுகிறார். என் புருசன். அவரின் தோளில் எங்கள் மகன் றொஷான். பதினொரு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். பிள்ளையின் ஒரு காலில் செருப்பு இல்லை. தூரத்தில் "டும்" என்று செல் கிளம்பும். கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்காது. பிறகு தலைக்கு மேலே சீலை கிழிகிற மாதிரி ஒரு சத்தம். அது கேட்டால் படுக்க வேண்டும். படுக்கிறோம். வெடிக்கிறது. மண் வாய்க்குள் போகிறது. எழும்புகிறோம். ஓடுகிறோம்.

"குப்புறப் படு! பிள்ளையைக் கீழை போடு!"

ஒரு மனுசி எழும்பவில்லை. கையில் மடு மாதாவின் படம் இருந்தது. கண்ணாடி உடையவில்லை. அவளைத் தாண்டி ஓடினேன். எல்லோரும் தாண்டித்தான் ஓடினார்கள்.

நான் திரும்பித் திரும்பிப் பார்க்கிறேன். நாங்கள் ஓடுவது தெற்கே. என் மகள் மெலனி வடக்கே போய்விட்டாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது. அவள் போன வான் சோதனைத் தடை கடந்து அரை மணித்தியாலம் இருக்கும்.

இதை எழுதும் நான் இருப்பது ரொறன்ரோவில். வோபர்னில் ஒரு வீட்டின் பேஸ்மென்ற். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். என் பெயரையும். மகள் விட்பியில் இருக்கிறாள் என்று எழுதப்போகிறேன். அது விட்பியாக இல்லாமலும் இருக்கலாம். தேடி வராதீர்கள். செல் விழுந்த இடங்களின் பெயர்களை மட்டும் மாற்றவில்லை.

சாட்சி சொல்லுகிறவர்கள் உலகத்துக்காகச் சொல்லுகிறோம் என்பார்கள். நான் அவ்வளவு பெரிய மனுசி இல்லை. எனக்கு ஒரு சொல் வேண்டும். மெலனி என்னை அம்மா என்று கூப்பிட வேண்டும். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவள் கூப்பிடவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அப்போது சமாதானக் காலம் என்று பெயர். ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். சமாதானம் வந்தது, நாடு இரண்டாக இருந்தது. யாழ்ப்பாணம் அரசாங்கத்திடம். வன்னி இயக்கத்திடம். அங்கே ஒரு பொலிஸ், இங்கே ஒரு பொலிஸ். இரண்டு நீதிமன்றம். இரண்டு வரி. நடுவில், முகமாலையில், யாருக்கும் சொந்தமில்லாத ஒரு வெளி. அதைக் கடக்க இரண்டு பக்கமும் அடையாள அட்டை காட்ட வேண்டும், இரண்டு பக்கமும் பையைத் திறக்க வேண்டும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. சனம் அதற்கும் பழகியது. பத்து நிமிட வெளியைக் கடந்து கலியாண வீட்டுக்குப் போனோம், செத்த வீட்டுக்குப் போனோம்.

நேரமும் இரண்டு. இளம் ஆட்கள் இதை நம்பமாட்டார்கள். 1996இல் அரசாங்கம் நாட்டின் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளியது. மின்சாரம் மிச்சம் பிடிக்க என்றார்கள். இயக்கம் தள்ளவில்லை. அதனால் யாழ்ப்பாணத்தில் நாலரை என்றால் வன்னியில் நாலு. அது புது நேரம், இது பழைய நேரம். பத்து வருசம் அப்படித்தான் இருந்தோம். எல்லை தாண்டினால் வாய் முதலில் கேட்கும் கேள்வி, "உங்கட நேரமோ, எங்கட நேரமோ?" சிறுபிள்ளைகூட மனக்கணக்கில் அரை மணித்தியாலத்தைக் கழிக்கும்.

2006 சித்திரையில் அரசாங்கம் மணிக்கூட்டைத் திரும்பப் பின்னுக்கு இழுத்தது. இரண்டு பக்கமும் ஒரே நேரம் ஆனது. யாழ்ப்பாணத்தில், பாசையூரில், எங்கள் வீட்டுச் சுவர் மணிக்கூட்டை அன்ரன்தான் கதிரையில் ஏறித் திருத்தினார்.

ஆவணியில் மடுத் திருவிழா. மடு அப்போது வன்னிப் பக்கம். நாங்கள் நாலு பேர், அன்ரனின் தங்கை புஷ்பம், அயலவர்கள். ஒரு வான் பிடித்துப் போனோம். கொடியேற்றம் பார்த்து, நவநாளில் சில நாள் இருந்து, திருவிழாவுக்கு நிற்காமல் திரும்பினோம். அன்ரனுக்கு வேலை. வான் கிளிநொச்சியில் சாப்பாட்டுக்கு நின்றது. வான்காரன் வன்னிப் பொடியன். "நாலு மணிக்கு வெளிக்கிடுவன். முகமாலை பூட்டமுந்திப் போகவேணும்" என்றான்.

அன்ரனின் தமையன் வீடு பக்கத்தில் இருந்தது. தலையைக் காட்டிவிட்டு வருவோம் என்றார். மெலனி வரவில்லை. வானில் மாமி புஷ்பத்தின் மடியில் நித்திரை. மூவரும் போனோம்.

நான் அன்ரனின் கையைப் பார்த்தேன். மணிக்கூட்டில் நாலுக்குக் கிட்ட. "நேரமாச்சுது" என்றேன்.

அவர் சிரித்தார். "ராணி, இது எங்கட மணிக்கூடு. வன்னியிலை இப்ப மூண்டரைதான். அவன்ரை நாலு எங்களுக்கு நாலரை. நீர் இருந்து தேத்தண்ணியைக் குடியும்."

தமையனும் தலையாட்டினார். "ஓமோம். உங்கட ஆக்களுக்கு அரை மணித்தியாலம் முந்தியே விடிஞ்சிடுமெல்லே!"

எல்லோரும் சிரித்தோம். அந்த வீட்டில் நாலு பெரியவர்கள் இருந்தோம். ஒருவருக்கும் சித்திரை மாதம் நினைவு வரவில்லை. வீட்டில் இருந்தால் அன்ரனுக்கு அது சரியாகத் தெரியும். எல்லை கடந்ததும் பத்து வருசப் பழக்கம் கணக்குப் பார்த்தது. இந்தப் பிழையை இந்த உலகத்தில் வேறு எந்தச் சனம் விட்டிருக்கும்?

திரும்பி வர வான் இல்லை. சாப்பாட்டுக் கடைக்காரர் சொன்னார், "அப்பவே போட்டுது. பின்னாலை வருவினம் எண்டு அந்தப் பிள்ளை சொன்னது." அந்தப் பிள்ளை என்றது புஷ்பத்தை. வான்காரன் பொறுத்துப் பார்த்திருக்கிறான். மற்றச் சனம் சத்தம் போட்டது. வேறு வான்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவளிலும் பிழை இல்லை.

அடுத்த வானில் ஏறினோம். பரந்தன். ஆனையிறவு. பளை. முகமாலையில் இயக்கத்தின் தடையில் வரிசை. எங்களுக்கு முன்னால் பத்துப் பதினைந்து பேர். தடையை மூடுகிற நேரம். மூடமுதல் எடுப்பார்களா என்று எட்டிப் பார்க்கிறேன். முதல் செல் அப்போதுதான் விழுந்தது.

அன்று மூடிய பாதை எங்களுக்குத் திறக்கவே இல்லை.

நாங்கள் தமையன் வீட்டில் தங்கினோம். ஒரு கிழமையில் திறக்கும் என்றார்கள். பிறகு நத்தாருக்கு என்றார்கள். வானொலியில் இரண்டு பக்கச் செய்தியும் கேட்டோம். இரண்டு பக்கமும் வென்றுகொண்டிருந்தார்கள். ஒருமுறை மட்டும் தொலைபேசியில் புஷ்பத்தின் குரல் கிடைத்தது. "அண்ணி, பிள்ளை சுகமா இருக்கிறாள்..." அவ்வளவுதான். அறுந்தது.

யாழ்ப்பாணத்தில் நடந்ததைப் பின்னாளில் புஷ்பம் சொல்லித்தான் அறிந்தேன். ஊரடங்கு. வீடு வீடாகப் பதிவு. ஆள் கடத்தும் வெள்ளை வான். வன்னியில் யார் இருக்கிறார்கள் என்று ஆமி கேட்கும். இருக்கிறார்கள் என்றால் அந்த வீட்டுக்கு இரவில் ஆள் வரும். புஷ்பம் பிள்ளையை இருத்திச் சொல்லிக் கொடுத்தாள். கேள்வியும் மறுமொழியும், ஞானோபதேசம் பாடமாக்குகிற மாதிரி.

"அம்மா எங்கை?"

"செத்துப்போட்டா."

"அப்பா?"

"செத்துப்போட்டார்."

பள்ளிக்கூடம் போக வர, ஆமி மறித்துக் கேட்கும் ஒவ்வொரு சென்றியிலும் அதைச் சொன்னாள். முதலில் அழுதாளாம். அழுதது நல்லதுக்குப் போனது, ஆமி நம்பினான். பிறகு அழாமலே சொன்னாளாம். 2008இல், முன்பே கனடாவுக்குப் போயிருந்த புஷ்பத்தின் புருசன் இருவரையும் அங்கே கூப்பிட்டார். மெலனியைத் தாய் தகப்பன் இல்லாத பிள்ளை என்று கூப்பிட்டார். ஊர் அலுவலரான விதானையார் ஒருவர் அதற்குக் கடிதமும் கொடுத்தார். சண்டைக் காலத்தில் ஆளைச் சாகடிக்க ஒரு கையெழுத்துப் போதும்.

நாங்கள் அப்போது உயிரோடு இருந்தோம். மரம் மரமாக நகர்ந்துகொண்டிருந்தோம். கிளிநொச்சியை விட்டு விசுவமடு. விசுவமடுவை விட்டு இரணைப்பாலை. போகும் இடமெல்லாம் பதுங்குவதற்குப் பங்கர் வெட்டினோம். தமையன் குடும்பம் விசுவமடுவில் முடிந்தது. ஒரே பங்கர், ஒரே செல். நாலு பேர். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத என்னால் முடியாது.

சண்டை பிடிக்க வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று இயக்கம் கேட்டது. பிறகு கேட்காமல் எடுத்தது. 2009 தொடக்கம். இரணைப்பாலை. றொஷானுக்குப் பதினாலு ஆகவில்லை. பங்கருக்கு மேலே காலடிச் சத்தம் கேட்கிறது. மூடியிருந்த தறப்பாளை விலக்குகிறார்கள்.

"வெளியிலை வா. பெரிய பொடியன் ஒண்டு கிடக்கு."

"அவன் சின்னப் பிள்ளை! என்னைக் கொண்டு போங்கோ! என்னைக் கொண்டு போங்கோ!" அன்ரன் கத்துகிறார். காலில் விழுகிறார். நான் பிள்ளையின் இடுப்பைக் கட்டிப் பிடித்திருக்கிறேன். என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தவள் ஒரு பெட்டை. அவளுக்கும் பதினெட்டு இருக்காது. தலைமயிர் கட்டையாக வெட்டியிருந்தது. அவளும் அழுதாள். அழுதுகொண்டே பிரித்தாள்.

றொஷான் கத்தவில்லை. "அம்மா, விடுங்கோ. உங்களுக்கு அடிக்கப்போறாங்கள்" என்றான்.

அதற்குப் பிறகு அன்ரன் தினமும் போனார். முன்னரங்குப் பக்கம் போய்ப் போகிற வருகிற பொடியளையெல்லாம் விசாரித்தார். ஒருவரும் காணவில்லை. பங்குனியில் மாத்தளனில் இருந்தோம். காலையில் போனவர் மத்தியானம் வரவில்லை. ஆமி அடித்த செல். நான் தேடிப் போனேன். முகம் இருந்தது. அடையாளம் காண அது போதும். மிச்சத்தை ஒரு சாரத்தில் சேர்த்தேன். மணலைக் கையால் தோண்டினேன். குருவானவர் இல்லை. எனக்குத் தெரிந்த செபத்தைச் சொன்னேன். முடிக்கமுதல் அடுத்த செல்லுக்குப் படுத்தேன்.

மகனை எடுத்தது இயக்கம். புருசனைக் கொன்றது ஆமி. இரண்டையும் எழுதுகிறேன். இந்த ரொறன்ரோவில் முதலாவதை எழுதாதே என்று ஒரு கோஷ்டி சொல்கிறது. இரண்டாவதை இன்னும் ஏன் கிளறுகிறாய் என்று இன்னொரு கோஷ்டி. என் மகனைப் பெற்றது எந்தக் கோஷ்டி? வாயை மூடுங்கள்.

கடல்நீரேரிக்குள் இறங்கி நடந்தேன். கழுத்தளவு தண்ணீர். காலுக்குக் கீழே மிதிபட்டது சேறு மட்டும் இல்லை. அடுத்த பக்கம் ஆமி. பிறகு செட்டிகுளத்தில் முள்ளுக்கம்பி முகாம். ஒவ்வொரு முகாமாகக் கடிதம் போட்டு றொஷானைத் தேடினேன். பிடிபட்டவர்களில் இல்லை. இறந்தவர்களிலும் இல்லை. கண்டவரும் இல்லை.

கனடாவுக்கு எப்படி வந்தேன் என்று எழுதமாட்டேன். அந்த வழியால் வந்த வேறு ஆட்களும் இருக்கிறார்கள். வந்ததும் புஷ்பத்துக்குப் போன் எடுத்தேன். அவள் நெடுநேரம் அழுதாள். பிறகு விசயத்தைச் சொன்னாள்.

"அண்ணி, நீங்கள் செத்ததெண்டு சொல்லித்தான் பிள்ளையைக் கொண்டு வந்தது. இப்ப நீங்கள் இருக்கிறியள் எண்டால் அவளைத் திருப்பி அனுப்பிப் போடுவாங்கள். கோவிக்காதேங்கோ. நான் அப்பிடிச் சொல்லாட்டி அவள் இண்டைக்கு இருப்பாளோ?"

கோபிக்க வழி இல்லை. அவள் சொன்னது உண்மை. என் பக்கம் நின்ற பிள்ளை போனான், அவள் பக்கம் நின்ற பிள்ளை இருக்கிறாள்.

என் அகதி வழக்கின் ஹியரிங்கில் கேட்டார்கள், எத்தனை பிள்ளைகள். மொழிபெயர்ப்பாளர் தமிழில் திருப்பிக் கேட்டார். "ஒண்டு" என்றேன். "மகன். காணாமல் போனவன்." அவர் அதை ஆங்கிலத்தில் சொன்னார். தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். எங்கள் விசயத்தில் வாய்தான் இருவரையும் காப்பாற்றியது.

புஷ்பம் வீட்டில் மெலனியைக் கண்டேன். என்னைவிட உயரமாக நின்றாள். அயல்வீட்டார் இருந்தார்கள். "வாங்கோ அன்ரி" என்றாள். ரொறன்ரோவில் எல்லாப் பொம்பிளைகளும் அன்ரிதான். நான் ராணி அன்ரி ஆனேன். ராணி என் வீட்டுப் பெயர். ஞானஸ்நானப் பெயர் மரிய ஜெசிந்தா. அது இறந்தவளின் பெயர்.

தனியே இருக்கும்போதாவது கூப்பிடுவாள் என்று பார்த்தேன். இல்லை. தனியே இருந்தால் அவள் ஒன்றும் சொல்லிக் கூப்பிடமாட்டாள். "சாப்பிட்டீங்களோ" என்று நேரே தொடங்குவாள். அவளில் எனக்குக் கோபம் வரும். பிறகு நினைப்பேன், ஒவ்வொரு சென்றியிலும் அந்தச் சொல்லைச் சாகடித்த வாய் அது.

எப்போது வெளியில் சொல்வாய் என்று மெலனியைக் கேட்டேன். முதலில், "சிற்றிசன் எடுத்து முடியட்டும்" என்றாள். எடுத்தாள். "கலியாணம் முடியட்டும்" என்றாள். அவளின் கலியாணத்தில் நான் ஏழாவது மேசையில் இருந்தேன். "பிள்ளை பிறக்கட்டும்" என்றாள். இரண்டு பிறந்தன. பொய் சொல்லி வந்தது தெரிந்தால் குடியுரிமையையும் பறிப்பார்கள் என்று யாரோ ஒரு லோயர் சொல்லியிருக்கிறார். மருமகனுக்குக்கூடத் தெரியாது. நான் விட்பிப் பக்கம் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை எடுத்தேன். இரண்டு பஸ் மாறிப் போவேன். வேலை முடிந்து சில நாள் அவளின் வீட்டு வீதியால் நடப்பேன். கதவைத் தட்டமாட்டேன்.

போன ஐப்பசியில் அவளே போன் எடுத்தாள்.

"நவம்பர் ரெண்டாம் கிழமை செத்தவைக்குப் பூசை இருக்குது. ஸ்காபுரோவிலை, தமிழ்ப் பூசை. மாமியும், இவரின்ர அம்மா, வருவா. கட்டாயம் வாங்கோ. இந்த முறை நான் மாமிக்கு ஒரு முடிவு சொல்லப்போறன்."

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. சந்தோசத்தில்தான். ஒரு நாவல் நிறச் சீலை வாங்கினேன். பிள்ளைகள் முதல்முறை அம்மம்மா என்று கூப்பிடும்போது என்ன சொல்வது என்று கண்ணாடியில் சொல்லிப் பார்த்தேன். ஐம்பத்தேழு வயதுக் கிழவிக்கு வந்த கூத்து.

கோயில் நிறைந்த சனம். மெலனி முன்வரிசையில், மாமிக்குப் பக்கத்தில். முறைப்படி அவர் எனக்குச் சம்பந்தி. அவருக்கு அது தெரியாது. நான் மூன்று வரிசை பின்னால் இருந்தேன். மன்றாட்டில் குருவானவர் குடும்பம் குடும்பமாக இறந்தவர்களின் பெயர்களை வாசிக்கிறார். யாழ்ப்பாணம், மன்னார், தீவுப்பகுதி. ஒவ்வொரு குடும்பத்துக்கும் சனம் மறுமொழி சொல்கிறது.

"அன்ரன். அவரின் துணைவி மரிய ஜெசிந்தா. மகன் றொஷான்."

என் பெயர் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. சிரிப்புக்கூட வரப் பார்த்தது. ஆனால் றொஷான். இத்தனை வருசத்தில் அவனுக்கு நான் ஒரு மரித்தோர் பூசை கொடுக்கவில்லை. ஒரு கறுப்புச் சீலை கட்டவில்லை. உயிரோடு இருப்பவர்களுக்கான மெழுகுதிரிதான் அவனுக்குக் கொளுத்துவேன். அவன் கணவாய்க்கறி சாப்பிட ஒரு நாள் வருவான் என்று நம்புகிற பைத்தியம் நான். அவனை நூறு பேருக்கு முன்னால் சாகடித்தார்கள்.

"நித்திய இளைப்பாற்றியை இவர்களுக்கு அளித்தருளும் ஆண்டவரே" என்று கோயில் முழுக்கச் சொன்னது. என் வாயும் பழக்கத்தில் சொன்னது. சொன்ன பிறகுதான் விளங்கியது.

பூசை முடிந்து ஹோலில் தேத்தண்ணியும் ரோல்ஸும். சம்பந்தி என்னைக் கண்டு வந்தார். நல்ல மனுசி.

"ராணி அக்கா, ஏன் அழுறியள்? உங்கட ஆக்களின்ர பேரும் வாசிச்சதோ?"

"ஓம்."

"என்ர மருமகளின்ர ஆக்களையும் வாசிச்சவை. தாய், தகப்பன், தம்பி. செத்தவைக்குப் பூசை குடுக்காமல் வைச்சிருக்கக் கூடாதெண்டு நான் எத்தினை வருசமாச் சொல்லுறன். பேர் தரமாட்டன் எண்டு ஒரே பிடிவாதம். இந்த வருசம்தான் தானே வந்து மூண்டு பேரையும் தந்தவ. மனம் ஆறிட்டுது போலை."

மெலனி அவருக்குப் பின்னால் நின்றாள். கையில் ரோல்ஸ் தட்டு. என்னைப் பார்த்தாள். நான் அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. அவளின் சின்ன மகள் அவளின் பாவாடையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றாள். நான் தேத்தண்ணியைக் குடித்தேன்.

கார் நிற்கும் இடத்தில் தனியே வந்தாள். குளிர். ஜக்கெற் போடாமல் வந்திருந்தாள்.

"அதைத்தான் முடிவெண்டனான்" என்றாள். "ஐ ஆம் சொறி. எனக்குப் பன்னெண்டு வயசிலை நீங்கள் எல்லாரும் செத்திட்டியள். சொல்லிச் சொல்லி நானே நம்பிட்டன். திரும்ப எழுப்ப என்னாலை ஏலாது. ஐ ட்ரைட். பிள்ளையளுக்கு என்னெண்டு சொல்லுறது? நான் உங்களுக்கு முறையா ஒரு பூசையாவது குடுக்கவேணும் எண்டு நினைச்சன். நீங்களும் இருந்து பாக்கவேணும் எண்டுதான் கூப்பிட்டனான்."

"தம்பியையும் ஏனம்மா குடுத்தனீ?" என்றேன். அதை மட்டும்தான் கேட்க முடிந்தது.

என் சீலைத் தலைப்பைச் சரிசெய்து தோளில் போட்டாள். பக்கத்தில் ஒரு குருவியும் இல்லை. கேட்க ஒருவரும் இல்லை.

"குளிருது. கவனமாப் போட்டு வாங்கோ, அன்ரி" என்றாள்.

கணக்கு இது.

முகமாலையில், மாதா படத்தோடு விழுந்த மனுசி. பெயர் தெரியாது.

விசுவமடுவில், அன்ரனின் தமையன், மனைவி, இரண்டு பிள்ளைகள்.

மாத்தளனில், அன்ரன். நானே புதைத்தேன்.

இரணைப்பாலையில், றொஷான். உடல் இல்லை. பூசை கொடுத்தாலும் அவனை இறந்தவர்களோடு எழுதமாட்டேன். எடுத்தார்கள், தரவில்லை என்று மட்டும் எழுதுகிறேன்.

ரொறன்ரோவில், மரிய ஜெசிந்தா. பூசை முடிந்தது.

விட்பியில், மெலனி. உயிரோடு, சுகமாக இருக்கிறாள். அவளையும் சேர்த்துத்தான் எண்ணுகிறேன்.